சிவப்பில் சின்னவன்

ஒரு வரியில் எந்தச் சொல் தடிமனாக இருக்க வேண்டும், எது சாம்பல் நிறத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும், எதைத் தொட்டால் அடுத்த பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் சின்னவரின் வேலை. பேருந்து டிக்கெட் எடுக்கும் ஆப் ஒன்றைச் செய்யும் கம்பெனியில் இருக்கிறார். ‘உங்கள் வண்டி நான்காவது வாசலிலிருந்து ஆறரைக்குக் கிளம்பும்’ என்று ஒரு வரி வந்தால் அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பார். ‘நான்காவது வாசல்’ கறுப்பில் தடிமன், ‘ஆறரை’ இன்னும் கொஞ்சம் பெரிது, மீதியெல்லாம் வெளிர் சாம்பல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் கண்ணில் வாசலும் நேரமும் பட்டால் போதும், வேலை முடிந்தது.

இந்த வேலையை நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. அதே ஆபீசில் முகப்புக்குப் படம் வரைபவருக்குக் கைதட்டுகிறார்கள். “ரெண்டு மேகம், ஒரு பஸ். அதுக்கு ஒரு கைதட்டு, ஒரு கேக்கு!” என்று வீட்டில் வந்து பொருமுவார். அவர் மனைவி, “அந்தக் கேக்குல உங்களுக்கும் ஒரு துண்டு குடுத்தாங்கல்ல?” என்பாள். “குடுத்தாங்க. ஓரத்துத் துண்டு” என்பார்.

பொறாமை அவருக்கு ஆபீசில் வந்ததல்ல. அண்ணன் கழற்றிப்போட்ட சட்டைகளைப் போட்டு வளர்ந்தவர். அண்ணன் வேறு ஊருக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அண்ணன் நடுவில் நிற்கிறார், இவர் ஓரத்தில் பாதித் தோளோடு தெரிகிறார். அந்தப் படத்தைத் துடைக்கும்போது மட்டும் துணி கொஞ்சம் அழுத்தமாகப் போகும். நானே பார்த்திருக்கிறேன்.

நான் அந்த வீட்டுக்குப் போனது அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள. ஐயாவுக்கு மூளையின் வலது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் பலமிழந்திருந்தன. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, “அவ்வளவுதானா?” என்பார். தட்டைத் திருப்பி வைத்தால், “இது எப்ப வந்துச்சு?” என்று ஆச்சரியப்படுவார். சவரம் செய்ய விட்டால் வலது கன்னத்தோடு முடித்துவிடுவார். இதில் பயப்பட ஒன்றுமில்லை, பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண், “தினமும் ஐயா படிக்கணும். வீட்டுல இருக்கிறவங்க போனுக்குச் சின்னச் சின்னதா எழுதி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் சின்னவர் எழுத ஆரம்பித்தார். நன்றாகவே எழுதினார். கேன்டீன்காரர் வாழைப்பழத்தைச் சாட்சியாக வைத்துச் சண்டை போட்டது, மேனேஜர் தூங்கிக்கொண்டே “நல்ல யோசனை” என்றது, எல்லாம் வந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘இன்னைக்கு நடந்தீங்களாப்பா?’ என்று ஒரு வரி இருக்கும். அண்ணன், அதாவது பெரியவர், எப்போதாவது ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவார்.

ஒரு நாள் சாயங்காலம் சின்னவர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, ஐயா கூப்பிட்டார்.

“டேய், இங்க வா. பெரியவன் என்ன எழுதியிருக்கான் பாரு. அவன் ஆபீஸ் லிஃப்டுல புறா ஏறிடுச்சாம். மூணாவது மாடில இறங்கிப் போச்சாம்!” என்று சொல்லி, ஒரு பக்கமாகக் கோணிய வாயோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அது நான் எழுதினதுப்பா.”

“நீயா? உனக்கு ஏதுடா இந்த நக்கலு? இது பெரியவன்தான். அவன் நடக்கச் சொன்னான்னுதான் நானும் ஜன்னல் வரைக்கும் போயிட்டு வந்தேன். கேட்டுப்பாரு நர்சம்மாவ.”

நடந்தது உண்மைதான். எழுதியவர் பெயர் செய்திக்கு மேலே இடது ஓரத்தில் வருகிறது. ஐயாவுக்கு அந்த ஓரமே கிடையாது. வரியின் வலது பாதியைப் படித்து மீதியை ஊகித்துக்கொள்வார். யார் எழுதியது என்பதையும் அப்படித்தான் ஊகித்திருந்தார். நல்லதென்றால் பெரியவன்.

சின்னவர் அன்று சாப்பிடவில்லை. “எனக்குப் பசிக்கல” என்றார். மருமகள் என்னிடம் மெதுவாக, “புறாவுக்கு நம்ம வீட்டுல பங்குச் சண்டை, அக்கா” என்றாள்.

அந்த வாரம் பயிற்சிப் பெண் ஐயாவின் தட்டில் இடது ஓரமாக ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினாள். “மொதல்ல சிவப்பைக் கண்டுபிடிங்க ஐயா, அப்புறம் சாப்பிடுங்க” என்றாள். ஐயா தலையைத் திருப்பித் திருப்பித் தேடி, சிவப்பைப் பிடித்து, அங்கிருந்து வலது பக்கம் வந்தார். தட்டு காலியானது. பக்கத்தில் நின்று பார்த்த சின்னவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விடுமுறை நாட்கள் முழுக்க உட்கார்ந்து ஐயாவுக்காகவே ஒரு சின்ன ஆப் செய்தார். குடும்பத்தார் எழுதுவது அதில் வந்து சேரும். திரையின் இடது ஓரம் முழுக்கச் சிவப்புக் கோடு. கோட்டை ஒட்டி எழுதியவர் பெயர், பிறகு செய்தி, அதில் முக்கியமான சொல் தடிமனாக. வரிகள் குட்டையாக மடங்கி வரும். என் அனுபவத்தில் இதைவிட உருப்படியான காரியத்தை எந்த மகனும் செய்து பார்த்ததில்லை. ஆனால் அவர் அதைச் செய்தது அப்பாவுக்காக மட்டுமல்ல என்பது மருமகள் கையில் போன் வந்ததுமே தெரிந்துவிட்டது.

“ஏங்க, ‘சின்னவன்’னு உங்க பேரு மட்டும் போஸ்டர் மாதிரி சிவப்புல பெருசா இருக்கு. உங்க அண்ணன் பேரு கொசு உக்காந்த மாதிரி இருக்கே?”

“அது டிசைன்.”

“சாம்பல் நிறத்துல ஒரு கொசு. நல்ல டிசைன்.”

மறுநாள் காலையில் ஐயா விரலைச் சிவப்புக் கோட்டில் வைத்து, மெல்ல வலப்பக்கம் நகர்த்தி, எழுத்துக் கூட்டினார். “சின்... சின்னவன்.” அடுத்த செய்தி. “சின்னவன்.” மேலே தள்ளினார். சின்னவன், சின்னவன், சின்னவன். பழைய செய்திகளையும் சின்னவர் அதில் ஏற்றி வைத்திருந்தார், புறா உட்பட. ஆபீசுக்குக் கிளம்பாமல் கதவுக்குப் பக்கத்தில் நின்று அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் நீதானா?” என்றார் ஐயா.

“நான்தான்பா!”

“அப்போ பெரியவன் ஒண்ணுமே எழுதலையா?”

சின்னவர் வாய் திறப்பதற்குள் ஐயா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அன்று இடுப்பில் பெல்ட்டைக் கட்டி எழுப்பப் பார்த்தேன், காலை ஊன்றவே மறுத்தார். மறுநாளும் அப்படித்தான். “அவனுக்கு என் மேல என்ன கோவம்?” என்ற ஒரே கேள்வி. படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதுகில் புண், நெஞ்சில் சளி, பிறகு எழுப்பவே முடியாது. சின்னவரிடம் நேராகவே சொன்னேன்.

“தம்பி, யாரு எழுதினதுங்கிறது உங்க வீட்டு விஷயம். ஐயா இந்த வாரம் நடக்கலன்னா அப்புறம் நடக்கவே மாட்டாரு. உங்க அண்ணன எழுதச் சொல்லுங்க.”

“நான் எழுதினா நடக்க மாட்டாராம்மா?”

“மாட்டேங்குறாரே. நீங்களும் பாத்தீங்கல்ல?”

சமையலறையில் நின்று ஸ்பீக்கரில் போட்டு அண்ணனைக் கூப்பிட்டார். நானும் மருமகளும் அங்கேதான் இருந்தோம்.

“எனக்கு என்னடா எழுத வரும்? அதெல்லாம் உன் டிபார்ட்மென்ட்டு” என்றார் பெரியவர். நல்ல மனுஷர்தான், குரலில் கள்ளம் இல்லை. “நீயே என் பேர்ல எழுதிடேன். பேரு போடுறதும் உன் கையிலதான இருக்கு? அப்பாவுக்கு என்ன தெரியப்போவுது?”

அது சுலபமான வழி. ஐயா அன்றே நடந்திருப்பார். சின்னவரின் காது மடல் சிவந்தது.

“முடியாது! நான் மண்டைய ஒடைச்சு எழுதுவேன், பேரு உனக்கா? இத்தனை நாளா அதான நடந்துச்சு? ஒரு வரி எழுதுடா, கை ஒண்ணும் தேஞ்சிடாது!”

அப்பாவை ஏமாற்றக் கூடாது என்று அவர் மறுக்கவில்லை. பொறாமையில்தான் மறுத்தார். பலன் கிடைத்த பிறகு காரணத்தைக் கிளறுவது என் வழக்கமில்லை.

மறுநாள் பெரியவரிடமிருந்து வந்தது. ‘அப்பா. சாப்பிட்டேன். இங்க மழை.’ அவ்வளவுதான்.

ஐயா சிவப்புக் கோட்டிலிருந்து கிளம்பி, கண்ணைச் சுருக்கி, அந்தக் கொசுவைப் பிடித்துவிட்டார். “பெரியவன்! பெரியவன் எழுதியிருக்கான். அங்க மழையாம்!” மருமகளுக்குக் காட்டினார், எனக்குக் காட்டினார், தண்ணீர் கேன் போட வந்தவருக்கும் காட்டினார். சாயங்காலம் சின்னவர் வந்ததும், “இவன் எழுத்து ஏன்டா மங்கலா இருக்கு? உன்னுது மட்டும் கத்துற மாதிரி இருக்கு. இவனோடத பெருசாக்கு. ‘மழை’ங்கிறத நல்லா அழுத்தமா போடு” என்றார்.

சின்னவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அண்ணன் பெயரைக் கறுப்பாக்கினார், பெரிதாக்கினார். பிறகு அந்த ‘மழை’யைத் தடிமனாக்கினார். புறாவுக்குக் கிடைக்காத தடிமன் அதற்குக் கிடைத்தது. “நாலு சொல்லு! இதுல எதுக்கு அழுத்தம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே, தடிமன் போதுமா என்று தள்ளிப் பிடித்தும் பார்த்துக்கொண்டார். வேலை என்று வந்தால் அரைகுறையாக விடத் தெரியாத மனுஷன்.

மறுநாள் காலையில் ஐயா தானாகவே பெல்ட்டைக் கேட்டார். நான் பிடித்துக்கொள்ள, வலது காலை வைத்தார்.

“பெரியவன் நடக்கச் சொல்லியிருக்கான்” என்றார்.

பெரியவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த சின்னவர் நிமிர்ந்தார்.

“நடக்கச் சொன்னது நான்பா. என் பேர்லதான் இருக்கு, பாருங்க.”

“நீ தெனமும்தான் சொல்றியே” என்று சொல்லிவிட்டு ஐயா இடது காலை இழுத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்து நடந்தார்.

கதவு படாரென்று மூடியது. நாங்கள் ஜன்னலை எட்டுவதற்குள் ஐயாவின் சட்டைப்பையில் போன் சத்தம் போட்டது. ஐயாவை உட்கார வைத்துவிட்டு எடுத்துக் காட்டினேன். சிவப்பில் சின்னவன். ‘அப்பா, இடது காலை இழுக்காதீங்க, தூக்கி வைங்க.’ ‘இடது காலை’ மட்டும் தடிமன். பஸ் ஸ்டாப்புக்குக் கூட இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.