தொடரில் இல்லாதவர்கள்

இதை வாசிக்கும் நீங்கள் எனக்கு நடுவராக வேண்டாம், சாட்சியாக இருங்கள். உங்கள் குரலும் காரணமின்றிக் கம்மத் தொடங்கியிருந்தால், நான் செய்ததையாவது செய்யாதிருங்கள்.

கரியாலூரில் ஒரு பள்ளி விழா. சாலையில்லாத நாளில் மலையிலிருந்து நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கிவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் நடுவே குரல் உடைந்தது. கூட்டம் அதை உணர்ச்சி என்று எண்ணிக் கைதட்டியது. நான் திருத்தவில்லை. அடுத்த மேடையில் அந்த உடைப்புக்கு ஏற்றவாறு வாக்கியத்தையே அமைத்தேன்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. மாலைக் காய்ச்சல் வந்தது, எடை குறைந்தது. மேடையேறுபவனுக்குத் தொண்டை கட்டுவது பெருமை என்று மிளகும் பனங்கற்கண்டும் மென்றேன். அதே மாதங்களில் கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை அறையில் நான்கு கல்லூரி மாணவர்களுக்கு விவாதப் போட்டிக்கான பேச்சுப் பயிற்சி அளித்தேன். எங்கள் வாதம் எதிரணியின் காதுக்குப் போகக் கூடாதென்று கதவையும் சன்னலையும் சாத்திவைப்பேன்.

ஒரு நாள் குரல் முற்றிலும் நின்றது. மருத்துவர் லாரிங்கோஸ்கோபி (மெல்லிய கருவியை விட்டுக் குரல்வளையைப் பார்த்தல்) செய்தார். குரல்நாணில் புண்.

“புத்துநோயா வேற எதுனாவான்னு பயாப்சி வந்தாத்தான் சொல்ல முடியும் தம்பி. அதுவரைக்கும் மாஸ்க் போட்டுக்குங்க. வாயத் தொறக்கக் கூடாது.”

பயாப்சி (துளிச் சதையைக் கிள்ளிச் செய்யும் ஆய்வு) முடிவுக்குப் பத்து நாள். வடக்கனந்தலில் அக்கா வீட்டுத் தனியறையில் கிடந்தேன். அக்கா ஒரு கட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களைக் கொண்டு எழுதிய ஆங்கில நாவல்கள். அவ்வகை நாவல்கள் தொடரின் எச்சில் என்று நான் ஒருமுறை மேடையில் முழங்கிப் பரிசு வாங்கியிருந்தேன்.

“ஒண்ணுகூடப் படிக்காம அரை மணி நேரம் திட்டுனியே. இப்ப வாய மூடிக்கினு படி” என்றாள்.

‘இதில் யாராவது சாவார்களா?’ என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

“கேப்டனுக்கு ஒண்ணும் ஆவாதுடா. அடுத்த வாரம் டிவியில வரணுமில்ல? புத்தகத்துக்குன்னு புதுசா ஒருத்தன் கூட வருவான் பாரு, அவன் போய்ச் சேந்துருவான்.”

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு நாவலிலும் கேப்டனின் விண்கப்பலுக்குப் புதிய பணியாளன் ஒருவன் வருவான். அவனுக்கு ஊரில் ஒரு தாய் இருப்பாள். மூன்றாம் அத்தியாயத்தில் கேப்டனின் பின்னால் ஓர் இருண்ட அறைக்குள் நுழைவான். கேப்டன் ஒரு பக்கம் வருந்திவிட்டு அடுத்த கோளுக்குப் புறப்படுவார். முதல் எட்டு நாவல்களையும் நான் அந்தப் புதியவனாகவே படித்தேன். அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் என் கை தொண்டைக்குப் போயிற்று.

முடிவு வந்தது: குரல்வளையில் காசநோய். “ஆறு மாசம் மாத்திரை. குணமாயிடும்” என்றார் மருத்துவர். முதல் மாத்திரைக்குப் பின் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அஞ்சாதீர்கள், அது மருந்தின் நிறம். அன்று எனக்குத் தப்பித்துவிட்டோம் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது.

மறுநாள் சுகாதாரப் பணியாளர் நோட்டுடன் வந்தார். “மூடுன ரூம்ல யார் யாரோட உக்காந்து பேசுனீங்க?”

நால்வரின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். மூவருக்கு ஒன்றுமில்லை. நான்காவது மாணவிக்குச் சளியில் கிருமி இருந்தது. கூலி வேலை செய்யும் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் பெண். அவள் பெயரை இங்கே எழுதவில்லை.

ஒன்பதாவது நாவலை அன்று திறந்தேன். புதியவள் ஒருத்தி கப்பலேறினாள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. இத்தனை நாளும் நான் யார் என்பதைத் தவறாகப் படித்திருந்தேன். அந்த வாடகை அறையில் கேப்டன் நான்தான்.

பத்து வாரம் கழித்து, இனி என்னால் பிறருக்குத் தொற்றாது என்று உறுதி செய்து, பேச அனுமதித்தார்கள். வந்தது பழைய குரல் இல்லை; குரல்நாணில் தழும்பு நிலைத்துவிட்டது. அந்த நாவல்களின் கடைசிப் பக்கத்தில் எல்லாம் முதற்பக்கம்போல் ஆகிவிடும். உடலுக்கு அந்த வசதி இல்லை. மூச்சு என் சொந்தப் பொருள் என்று எண்ணியிருந்தேன்; இன்று எந்த அறைக்குள் போனாலும் முதலில் சன்னலைத் தேடுகிறேன். நாட்களையும் அவளுடைய மாத்திரைகளைக் கொண்டே கணக்கிடுகிறேன். எனக்கு முடியும் நாளில் அவளுக்கு இன்னும் மிச்சமிருக்கும்.

அவள் வீட்டுக்குப் போனேன். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

“இன்னாண்ணா, கொரலு தகரம் மாரி ஆயிடுச்சு? இனிமே எதிரணிக்குக் கொண்டாட்டந்தான்” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நெடுநேரம் நிற்கவில்லை.

அவள் அம்மா என்னை வாசலுக்கு அழைத்தார். “வெளிய எங்கயும் சொல்லிடாத தம்பி. நாளைக்கி ஒருத்தன் வந்து பொண்ணு கேக்கணும். இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சோன்னு இப்பவே பேசிக்கினு இருக்காங்க.”

உள்ளே இருப்பவளுக்கும் கேட்கும்படி, கிடைத்த குரலில் சொன்னேன்:

“அவ பேர எங்கயும் சொல்ல மாட்டேம்மா. இனிமே ஏறுற ஒவ்வொரு மேடையிலயும், தலைப்பத் தொடறதுக்கு முன்னாடி, என் பேரையும் என் நோயையும் சொல்றேன். கதவச் சாத்தி வெச்சது நாந்தான்னும் சொல்றேன்.”