இடைவேளை இல்லாத படம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நடந்ததை முன்னுக்குப் பின்னாகச் சொல்லிவிடுவேன். சிலதை மறந்தும் போனேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

மகன் வீட்டை விட்டுப் போன பிறகும் நான் மருமகளோடுதான் இருந்தேன். அவன் வேறு ஊரில் வேறொரு பெண்ணோடு குடியிருக்கிறான். இங்கே ஜெர்மனியில், கொலோன் கோயிலில் கண்டால் எங்கள் சனம், "இன்னும் அங்கதானோ இருக்கிறியள்?" என்று கேட்கும். நான் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைத் தேடுவேன். மகன் இல்லாத வீட்டில் மாமிக்கு என்ன இடம் என்று மருமகள் ஒருநாளும் கேட்டதில்லை. வேலையால் வந்ததும், "மாமி, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்பாள். அவ்வளவுதான்.

பிறகு அவளுக்குப் பாரிசில் வேலை கிடைத்தது. அவளுடைய தங்கச்சியும் அங்கேதான்; முதலில் அவள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பேத்தியையும் கூட்டிக்கொண்டு போக முடிவெடுத்தாள். என்னை என்ன செய்வது என்று மட்டும் வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வராது.

பேத்திக்குப் பிரெஞ்சு காதில் விழ வேண்டும் என்று ஒரு ஞாயிறு பின்னேரம் பிரெஞ்சுப் படம் ஒன்றுக்குப் போனோம். எனக்குத் தெரிந்த படம் பார்ப்பது, மண்டபம் எடுத்துத் தமிழ்ப் படம் போடுவார்களே, அதுதான். பாதியில் விளக்குப் போடுவார்கள். சனம் எழும்பித் தேத்தண்ணி குடித்து, றோல்ஸ் தின்று, ஊர்ப்புதினம் கதைக்கும். ஆகவே காலையிலேயே மீன் றோல்ஸ் பொரித்து, டப்பாவில் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். இடைவேளையில் அதைக் கொடுத்துக்கொண்டே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கையில் ஒரு வேலை இருந்தால் கேட்கிறது சுலபம்.

படம் பிரெஞ்சில் ஓடியது, கீழே ஜெர்மன் எழுத்து. பேத்தி என் காதுக்குள் தமிழில் சொன்னாள். ஒரு பிரெஞ்சுக் குடும்பம் போர்த்துக்கலில் போய் இருக்கிறது. புருசனும் பெண்சாதியும் பிரிந்துவிட்டார்கள், ஆனால் வீடு ஒன்றுதான். மேல்மாடியில் அவனும் புதுப் பெண்ணும், கீழே பழைய மனைவி. பிள்ளைகள் எந்த மாடியில் கறி நல்லதோ அங்கே ஓடிப்போய்ச் சாப்பிடுகிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு புருசனுடைய தாய் பெட்டியோடு வந்து இறங்கினாள். மேலே உள்ளவர்கள் கீழே என்றார்கள், கீழே உள்ளவள் மேலே என்றாள். அவளுடைய கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகும்போது படி வளைவில் அது சிக்கிக்கொண்டது. அவர்கள் சண்டை பிடிக்க, மனிசி அந்தக் கட்டிலிலேயே இருந்து கோப்பி குடித்தாள். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. மருமகளும் சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, என் பக்கம் பார்க்காமல் சோளப்பொரிக்குள் கையை விட்டாள்.

கடைசியில் அந்த மனிசி பெட்டியோடு படியில் தனியே நிற்கிறாள். எங்கள் கட்டடத்தில் போலவே படி விளக்குத் தானாக அணைந்து போனது. அந்த இருட்டோடு தியேட்டரில் விளக்குப் போட்டார்கள்.

நான் டப்பாவைத் திறந்தேன். "எடுங்கோ பிள்ளை. மிச்சம் துவங்க முதல் சாப்பிடுவம்."

"அப்பம்மா, படம் முடிஞ்சுது," என்றாள் பேத்தி.

"எப்பிடி முடியும்? மனிசி இன்னும் படியிலயெல்லோ நிக்குது."

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. சனம் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒருத்தி விளக்குமாறோடு வந்து பின் வரிசையில் கூட்டத் தொடங்கினாள். இனி இடைவேளை வராது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. றோல்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பிள்ளை, பாரிசில தங்கச்சி வீட்டில எனக்குப் படுக்க இடமிருக்குமோ?"

"ரெண்டு அறைதான் மாமி. அவையளே நெருக்கமா இருக்கினம்."

"ஓம், ஓம். சும்மா கேட்டனான்."

"உங்கட மகனோடயும் கதைச்சனான். யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர்."

"அவனோ? கலியாணம் கட்டேக்கையும் யோசிக்கேல்லை, விட்டிட்டுப் போகேக்கையும் யோசிக்கேல்லை. இதுக்கு மட்டும் யோசிக்கிறானாமோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே சிரிப்போடு அழத் தொடங்கினாள். "ஹைம் ஒண்டில டெர்மின் எடுத்திருக்கிறன் மாமி. சும்மா பாத்திட்டு வருவம். பிடிக்காட்டி விடலாம்." முதியோர் இல்லத்துக்கு இங்கே ஹைம் என்றுதான் பெயர்; டெர்மின் என்றால் போய்ப் பார்க்கக் குறித்த நேரம்.

"தமிழ் ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை மாமி."

"நான் ரயிலில வருவன் அப்பம்மா," என்றாள் பேத்தி. இப்போது அவளும் சிரிக்கவில்லை.

கூட்டுகிறவள் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டாள். எழும்பினோம். றோல்ஸை ஒருவரும் தொடவில்லை.

ஹைமைப் போய்ப் பார்த்தோம். பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் பாரிஸ் வேலையை விட்டுவிடுவாள் என்று பயந்தேன். வீடு மாறுகிற அன்று மகன் வந்தான். என் சாமிப்பட அலுமாரியை அவன் ஒரு பக்கமும் மருமகள் மற்றப் பக்கமும் தூக்கிப் படியிறங்கினார்கள். பிரிந்த பிறகு அன்றுதான் நேருக்கு நேர் நின்று கதைத்தார்கள்: "கொஞ்சம் உயத்துங்கோ." "பொறு, இடிக்குது." வளைவில் வைத்து விளக்கு அணைந்தது. நான் மேலே நின்று தடவித் தடவி விளக்கின் ஆழியை அழுத்தினேன்.

இப்போது ஹைமில் இருந்துதான் எழுதுகிறேன். அலுமாரி சன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மருமகள் ஞாயிறுகளில் போன் எடுப்பாள், பேத்தி ஒருமுறை வந்து போனாள். மகன் இன்னும் வரவில்லை.

பேத்தியிடம் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். கடைசியில் மேல்மாடிக் கதவு திறந்ததாம், வெளிச்சம் படியில் விழுந்ததாம். எனக்கு இருட்டு மட்டும்தான் நினைவிருக்கிறது. கண்ணும் வடிவாகத் தெரிவதில்லை, அவளும் என்னைத் தேற்றச் சொல்லியிருக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், கதவு உண்மையிலேயே திறந்ததோ என்று சரிபார்த்து எனக்குச் சொல்லுங்கள்.