பணம் பேசுகிற இங்கிலீஷ்

இங்கிலீஷ் வாத்தியார் வேலையில் பெரிய இம்சை எதுவென்றால், 'பே', 'கட்', 'ரன்' என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லின் வாலில் ஒரு 'பேக்'கோ 'டவுன்'னோ 'அவுட்'டோ ஒட்டிக்கொண்டதும் அது வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடுவதுதான். அதிலும் பணம், அளவு என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சாக்பீஸ் பிடித்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகளில் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில், டவுன் பஸ் ஹாரனோடு போட்டி போட்டுக்கொண்டு சாயங்கால வகுப்பு நடத்தியவன் நான்.

கடன் கேட்க வாய் வரவில்லை

'பே பேக்' என்றால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. நடித்துக் காட்டினால் மனதில் நிற்கும் என்று, அவிநாசியில் கோழிப்பண்ணை வைத்திருந்த நாச்சிமுத்துவைக் கடன் கொடுத்தவராகவும், பல்லடத்தில் விசைத்தறி ஓட்டிய மரகதத்தைக் கடன் வாங்கியவராகவும் எழுப்பி நிறுத்தினேன். இருவரும் முதலில் ஊர் விசாரித்துக்கொண்டார்கள். விசாரித்ததில், நாச்சிமுத்துவின் தங்கையை மரகதத்தின் பங்காளி வீட்டில் கொடுத்திருப்பது தெரிந்துபோயிற்று.

அவ்வளவுதான். அதுவரை மிடுக்காக நின்ற மனிதர் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். "ஒரே ஒரு தடவை 'பே பேக் மை மணி' என்று சொல்லுங்கள்" என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் சொன்னது இது:

"ஏனுங்க சார், பொண்ணு குடுத்த ஊட்டுக்காரங்ககிட்டப் போயி பணத்தத் திருப்பிக் குடுன்னு கேக்கறதுங்களா? வெளையாட்டுக்குக்கூட வாய் வரலீங்க."

தறிக்குடோனில் பாடம்

மரகதம் பொழுது போகாமல் வகுப்புக்கு வந்தவர் அல்ல. கணவர் இறந்த பிறகு தறிகளை அவர்தான் ஓட்டினார். துணியை வெளிநாட்டுக்கு விற்றுக்கொடுத்த ஏஜென்ட் விலையை இறக்கிக்கொண்டே போனதில், நூல் வாங்கிய காசுகூடத் தேறவில்லை. அடுத்த மாதம் அந்தத் துணியை வாங்குகிற வெளிநாட்டு வியாபாரியே பல்லடத்துக்கு வருவதாக இருந்தார். அவரிடம் தானே பேசிக் கட்டுப்படியாகிற விலை வாங்கினால் தறி ஓடும், இல்லாவிட்டால் தறிகளை விற்றுவிட வேண்டியதுதான்.

ஆனால் வகுப்பில் எழுந்து நின்றால் மரகதத்துக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் அது எப்படியோ மாறிவிட்டது. சரக்குத் தீர்ந்தால் 'ரன் அவுட்', தீரப்போனால் 'ரன் லோ' என்று கணீரென்று சொன்னார். எங்கே பழகினீர்கள் என்றேன். குடோனுக்குள் நின்று கத்திக் கத்திப் பழகினாராம்.

"தறிச் சத்தத்துல நான் தப்பாப் பேசுனாலும் யாருக்குங்க கேக்கப் போவுது?"

பாய் இறங்கவில்லை

விலை பேசிப் பழக மரகதத்துக்கு ஓர் எதிராளி வேண்டியிருந்தது. கோட்டைமேட்டில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்த காதர் பாயை வெளிநாட்டுக்காரராக உட்கார வைத்தேன். நாற்காலியில் சாய்ந்தாரோ இல்லையோ, "கட் டவுன், கட் டவுன்" என்று ஆரம்பித்துவிட்டார். விலையைக் குறை என்று அவர் கேட்கக் கேட்க மரகதம் குறைத்துக்கொண்டே போனார். வந்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

தினமும் இதே கதைதான். மரகதம் ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, கொஞ்சம் இறங்கி வாருங்கள் பாய் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு இதற்காகவே ஓடி வருகிற அந்த நல்ல மனிதர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"நான் இங்க விட்டுக்குடுத்துப் பழக்கிப்போட்டா, அந்த வெள்ளக்காரரு அங்க விட்டுக்குடுப்பாருங்களா சார்?"

இலை எடுத்த பிறகு

வெளிநாட்டுக்காரர் வந்த அன்று துணைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார் மரகதம். வந்தவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு உடனே விலைக்கு வந்தார். மரகதம் காதில் வாங்காமல் இலை போட்டார். பருப்பு, நெய், கோழிக் குழம்பு, பாயசம். போதும் போதும் என்று மனிதர் இலையைக் கையால் மறைத்தும் விடவில்லை.

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், "ஹவ் மச் வில் யூ கம் டவுன்?" என்றார். எவ்வளவு இறக்குவீர்கள்? போச்சு, மரகதம் இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். நான் வாயெடுப்பதற்குள் மரகதம் கையமர்த்தினார். "நோ கம் டவுன், சார். குவான்டிட்டி, யூ கோ அப். ஐ நாட் ரன் அவுட்." விலை இறங்காது, நீங்கள் அளவைக் கூட்டுங்கள், என்னிடம் சரக்கு தீராது என்று அர்த்தம். அவர் யோசித்தார், கணக்குப் போட்டார், கடைசியில் மரகதம் சொன்ன விலைக்கே கை கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை.

கார் கிளம்பியதும், வகுப்பில் இல்லாத தைரியம் இன்றைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"விருந்தாளிக்குச் செய்யோணுங்கறத செஞ்சாச்சுங்க சார். எலைய எடுத்ததுக்கப்புறம் அவரு வெறும் யாவாரிதானுங்களே."

மறுநாளிலிருந்து மரகதம் வகுப்புக்கு வரவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் நின்றுவிடுவதும் கற்றுக்கொள்ளாதவர்கள் வருஷக்கணக்கில் ஃபீஸ் கட்டி என்னைக் காப்பாற்றுவதும்தான் எங்கள் பிழைப்பின் லட்சணம்.