நேலிதாவின் செம்பு

நேலிதா பெந்தாங்கோர் மாத்தேக் கஷாயக் குடுவையையும் அதன் உலோக உறிஞ்சுகுழலையும் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் ஆய்வறைக்குள் நுழைவாள். மோதிரம், சாவி எல்லாமே வெளியேதான். உள்ளே கரண்டிகூடப் பிளாஸ்டிக். "இரும்பும் என் மாமியாரும் ஒண்ணு. காலி நாற்காலியப் பாத்தா உக்காந்துடும்" என்பாள்.

ஆட்டிசத்துக்குக் காரணமான ஒரு மரபணுக் குறைக்கு அங்கே மருந்து தேடுகிறார்கள். அது மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று எலிகளில் பார்க்க வேண்டும். மருந்தோடு ஒட்டிய மூலக்கூறுக் கூண்டில் கதிரியக்கச் செம்பை உட்கார வைப்பது நேலிதாவின் வேலை. மருந்து போகிற இடம் ஸ்கேன் படத்தில் ஒளிரும். காலையில் வரும் செம்பு இரவுக்குள் பாதியாகிவிடும். நிதானத்துக்குப் பேர்போன மொந்தேவிதேயோவில் அவள் ஒருத்திதான் ஓடுகிறவள்.

அதே குறை அவள் மகன் இஸ்மாயேலுக்கும் உண்டு. ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச்செடுப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை எலியின் மூளை இருண்டு கிடந்தது. கல்லீரல் மட்டும் ஜொலித்தது. புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஃபப்ரீசியோ, கரைசலை எவர்சில்வர் கரண்டியால் கலக்கியதை ஒப்புக்கொண்டான்.

"நல்லாக் கழுவிட்டுத்தான் கலக்குனேன், அக்கா."

"சோறு திங்கவா கழுவுன? கூண்டுல இரும்பு போய் உக்காந்துக்கிச்சு. என் செம்பு நடுத்தெருவுல நின்னுச்சு. கல்லீரல் கூட்டிட்டுப் போயிடுச்சு."

"அப்ப மருந்து தோத்துடுச்சா?"

"தோத்துச்சா ஜெயிச்சுச்சான்னே தெரியாமப் பண்ணிட்டியேடா!"

அடுத்த எலிகள் வளர மாதக்கணக்கில் ஆகும். நேலிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையுறையோடு கண்ணைத் துடைக்கக் கூடாது என்பது விதி; அதனால் அழவில்லை.

வெளியே வந்ததும் ஃபப்ரீசியோ மாத்தே நிரப்பி நீட்டினான். அந்த ஊரில் மாத்தேயைக் குடித்துவிட்டு நன்றி சொன்னால், இனி உன் கையால் வேண்டாம் என்று அர்த்தம். அவள் ஒன்றும் சொல்லாமல் குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள். அவனுக்குப் போன உயிர் வந்தது.

கிளம்பும்போது எல்லோரும் கதிர்வீச்சை அளக்கும் கருவியில் கையைக் காட்ட வேண்டும். 'டிக் டிக்' மெதுவாகக் கேட்டால் வீட்டுக்குப் போகலாம். இஸ்மாயேல் ஒருமுறை அங்கே வந்து இதைப் பார்த்துவிட்டான். அவனுக்குப் பேச்சு வராது. யாராவது தொட்டால் பொறுக்கமாட்டான். ஆனால் அன்றிலிருந்து தினமும் மரக்கரண்டியோடு வீட்டு வாசலில் நிற்கிறான். அம்மாவின் உள்ளங்கைகளில் அதை மெல்ல ஓட்டி, நாக்கால் 'டிக்... டிக்...' என்பான். திருப்தியானால் வழிவிடுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் சோதித்தான், வழிவிட்டான். நேலிதா உள்ளே போகவில்லை.

"இன்னொரு தடவ பாருய்யா" என்று இரண்டு கைகளையும் மறுபடி நீட்டினாள்.