ஐயா வாய் வைத்துக் குடித்த தண்ணீர்

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய ஐயாவுக்கு, என் தகப்பனாருக்கு, பேச்சு பாதி வந்தது. பிடிவாதம் முழுதாக வந்தது. வீட்டுக்கு வந்த அன்றே செம்பைத் தூக்கி, அண்ணாந்து, வழக்கம்போல உதட்டில் படாமல் தண்ணீரை ஊற்றினார். புரையேறி, முகம் நீலம் பாரித்து, இருமி இருமி மூச்சுத் திரும்புவதற்குள் எங்கள் எல்லாருக்கும் உயிர் போய் வந்தது.

டொக்டர் வந்து பார்த்தார். இரண்டு கிழமைக்குத் தண்ணீராக ஓடாத, தடிப்பான சாப்பாடு மட்டும். பிறகு தண்ணீர் கொடுக்கலாம், அதுவும் முகவாய் நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்தபடி, ஒவ்வொரு மிடறாக.

"திரும்பப் புரையேறி நெஞ்சிலை சளி பிடிச்சுதெண்டால், மூக்காலை குழாய் விடத்தான் வேணும்," என்றார்.

புத்தகம் படிக்கிறவன் என்று வீட்டில் எனக்கொரு பெயர் இருந்ததால், தடிப்பாக்கும் இலாகா என்னிடம் வந்தது. சவ்வரிசி கண்ணில் படாத பொருளாதாரத் தடைக் காலம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா போட்டு நான் காய்ச்சிய கஞ்சியால் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம். ஐயா அதையும் விழுங்கினார், கரண்டி உதட்டில் படக்கூடாது என்ற நிபந்தனையோடு. பாதி சால்வைக்குப் போனது.

பதினைந்தாம் நாள் காலை. பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவனைப்போல, புதுக் கிளாசில் தண்ணீரோடு ஐயாவின் முன்னால் நின்றேன்.

"குனிஞ்சு, வாயை வைச்சுக் குடியுங்கோ ஐயா."

"எச்சில்."

"இது உங்களுக்கெண்டே வாங்கினது. வேறை ஆரும் தொடமாட்டினம்."

"கழுவினாலும் எச்சில்தான். செம்பைத் தா."

செம்பென்றால் அண்ணாந்துதான். அண்ணாந்தால் குழாய்தான். சுத்தத்தின் விஞ்ஞானம் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். என் பிரசங்கங்களுக்கு அவர் எப்போதும் தரும் மரியாதை அது.

குசினிக்குள்ளிருந்து என் மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, கூழ் குடிக்கேக்கை மாமா எதிலை குடிக்கிறவர்?"

பிளாவில். பனையோலையைக் கோலி மடித்த பிளாவில், குனிந்து, வாய் வைத்து உறிஞ்சுவார். குடித்து முடிந்ததும் எறிந்துவிடுவார். எறிகிற பொருளுக்கு ஏது எச்சில்? இரண்டு கிழமையாக ஒடியல் மாவோடு மல்லுக்கட்டிய எனக்கு இது தோன்றவில்லை.

"பிளாவிலை தண்ணியோ?" அம்மா நாடியில் கை வைத்தார். "ரோட்டாலை போற சனம் பாத்தால், இந்த வயசிலை மனிசன் கள்ளுக் குடிக்கத் துவங்கீட்டார் எண்டெல்லே கதைக்கும்."

"கதைக்கட்டும் மாமி. இருமாமல் குடிச்சால் சரி."

வேலியோரத்து இளம்பனை வடலியில் ஓலை வெட்டி வந்தேன். நான் மடித்த பிளா தண்ணீரை ஐயாவின் வேட்டிக்குக் கொடுத்தது. மிச்ச ஓலையை மனைவி பிடுங்கி மடித்தாள்.

ஐயா நல்ல கையால் அதை வாங்கினார். நாடி நெஞ்சில் பட்டது. உதடு ஓலையில் பட்டது. ஒரு மிடறு. குரல்வளை ஏறி இறங்கியது. மூன்று பேரும் மூச்சு விடாமல் இருமலுக்காகக் காத்திருந்தோம். இன்னொரு மிடறு. இன்னொன்று. இருமல் வரவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐயா பிளாவை முற்றத்தில் எறிந்தார்.

"இன்னொண்டு மடி," என்றார் என்னைப் பார்த்து. பிறகு யோசித்து, "நீ வேண்டாம். அவள் மடிக்கட்டும்."

ஓலை வெட்டுகிற வேலையாவது எனக்கு மிச்சமிருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு வடலிக்கு ஓடினேன்.