அத்தையின் முதல் சர்ஜரி

"...அதான் அண்ணி, நாளைக்குக் காலைல சர்ஜரி வச்சிக்கீறேன். ஒம்போதுலேர்ந்து ஒரு மணி வரிக்கும். ஃபோன எடுக்க முடியாது. மொத தடவ இல்லியா, கொஞ்சம் பயமாத்தான் கீது" என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தையை அந்தப் பக்கம் யாரோ அழைக்க, பேச்சு அதோடு நின்றது. அம்மா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மணி அடித்து ஓய்ந்தது.

அத்தை இங்கிலாந்தில் எம்.பி. ஆகி அப்போது மூன்று வாரம். எங்கள் சைதாப்பேட்டை மாடிப்படியில் ஏறி இறங்கிய பெண், மேல்படிப்புக்குப் போய், அங்கேயே கணக்கு டீச்சரானவள். பள்ளிப் பிள்ளைகளின் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் மழையில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கினாள். தட்டிய கதவெல்லாம் பழக்கமாகிவிட, தேர்தலில் நின்றாள். இரண்டு முறை தோற்று மூன்றாவதில் ஜெயித்தாள்.

முடிவு அறிவித்த மேடைப் படத்தை அம்மா எல்லோருக்கும் காட்டினாள். அத்தைக்குப் பக்கத்தில் தோற்றவர்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். அவர்களில் வேடிக்கைக்கென்றே போட்டியிட்ட ஒருவருக்கு வாத்து வேஷம். கீழ்வீட்டு சாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "தோத்தவன் நின்னு கை தட்றானா? நம்ம ஊர்ல தெருவயே மாத்திக்கினு பூடுவானே" என்றார். எனக்குப் பதினோரு வயது. நாடாளுமன்றத்தில் பேசுகிற வாய் "இன்னா அண்ணி, சாப்ட்டியா?" என்று கேட்பதை ஒவ்வொரு முறையும் அதிசயம் போலக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் தாத்தா இறந்தபோது, அத்தை முதல்முறை நின்ற தேர்தலுக்கு இரண்டே நாள் இருந்தது. "நிதானமா ஓட்டு வாங்கிக்கினு வா. அப்பா எங்கயும் போவ மாட்டாரு" என்று போனில் சொல்லிவிட்டு வைத்தவர், அதற்குப் பிறகு தங்கையோடு பேசவில்லை. அவள் அழைப்பு வந்தால் பால்கனிக்குப் போய்க் கொடியில் காயும் துணிகளை மடிப்பார். ஈரத்துணியைக்கூட மடித்திருக்கிறார்.

அன்றும் மடித்துக்கொண்டிருந்தார். சட்டையும் கையுமாக உள்ளே வந்து, "எந்த ஆஸ்பத்திரியாம்?" என்றார். ஆறு வருஷத்தில் தங்கையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"சொல்லலியே" என்றாள் அம்மா.

"நாலு அவர் ஆபரேஷனா?" சாச்சி படியேறி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "துவா பண்றேம்மா." அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவர்களுக்கு ஒன்பது என்றால் நமக்கு ஒன்றரை என்று கணக்குப் போட்டுச் சொன்னது நான்தான். மறுநாள் ஒரு மணிக்கே அம்மாவின் கைப்பேசியை வாங்கி அப்பா மடியில் வைத்துக்கொண்டார். போடுவார், வைப்பார். ஒன்றேமுக்கால் ஆனபோது ஒரு பெண் எடுத்தாள். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

அப்பா நீதிமன்றத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு மனு தட்டிக் கொடுப்பவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் மனுவின் ஆங்கிலம். எழுந்து நின்று, "ரெஸ்பெக்டட் மேடம், ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக்" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். மேடம் சர்ஜரியில் இருக்கிறார், இன்னும் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள் என்றாள்.

"நம்ம கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மாதிரியே க்யூ போலகீது" என்று அம்மாவிடம் கிசுகிசுத்துவிட்டு, "டெல் ஹர், பிரதர். சைதாப்பேட் பிரதர்" என்றார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அண்ணா?"

"பயப்படாத. ஒண்ணியும் ஆவாது. டாக்டர் சொல்றத கேளு" என்று அப்பா மூச்சுவிடாமல் சொன்னார். "நான் லைன்லயே கீறேன்."

"எனக்கு ஒண்ணியும் இல்லண்ணா" என்றாள் அத்தை. "ஜனங்க கொறைய எம்.பி. குந்திக் கேக்குறதுக்கு இங்க சர்ஜரின்னு பேரு."

அப்பா உட்கார்ந்தார். "மனு வாங்குறதா?"

"மனு வாங்குறதுதான்."

"பதினோரு பேர்கிட்டயும் நீயேவா?"

"நானேதான். ஒவ்வொருத்தரும் சொல்றத முழுசாக் கேக்கணும்."

அப்பா எங்களைப் பார்த்தார். எம்.பி.க்குப் போகிற மனு என்றால், "மட்டமான பேப்பரே போதும்மா, எப்டியும் பிரிக்க மாட்டாங்கோ" என்று மனு தட்ட வருகிறவர்களிடமே சொல்கிறவர் அவர். இப்போது "முழுசா கேக்குறாளாம்" என்று அம்மாவிடம் சொன்னபோது, கோயிலில் திரை விலகும்போது அவருக்கு வருகிற முகம் வந்தது. பிறகு அந்த முகம் மாறியது. கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அப்பா செத்தன்னிக்கி நான் உன்னப் பேசுனது..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

அத்தை யாரிடமோ ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் அவகாசம் கேட்டாள். கதவு சாத்தப்பட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"லைன் கட்டாயிடுச்சுப்பா, திரும்பப் போடு" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவ்வளவு பேரைக் காக்க வைத்துவிட்டு, பேசுவதற்கென்றே கதவைச் சாத்தியவள் ஏன் பேசவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பாவோ கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்பதற்கென்று, கேட்டு வாங்கிய அந்தப் பத்து நிமிஷத்தில் அத்தை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.