குதிகால் பார்க்கிற வேலை

சித்திரக்கூடத்தில் வேலை என்றால் சித்திரம் பார்க்கிற வேலை என்று நினைப்பீர்கள். எனக்கு அங்கே சித்திரம் பார்க்க வருகிறவர்களின் குதிகாலைப் பார்க்கிற வேலை. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவர்கள், பஸ் கண்டக்டர்கள், ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிறவர்கள் என்று பொதுஜனத்தை மேய்த்து நொந்துபோன என் இனத்தாருக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எனக்கு வயது பதினேழு. யார் பேசினாலும் அவரைப் போலவே பேசிக் காட்டுவேன். ஹெட்மாஸ்டர் குரலில் ஒருநாள் மத்தியானம் லீவு விட்டதில் பள்ளிக்கூடம் எனக்கே நிரந்தர லீவு கொடுத்துவிட்டது. அம்மா என்னை வடிவக்காவிடம் தள்ளிவிட்டாள். வடிவக்காதான் எங்கள் சங்கரன்கோவில் சித்திரக்கூடத்துக்குப் பொறுப்பாளர். பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய், கண்ணாடியில் எழுதிய படம், துணியில் எழுதிய படம் என்று வீடு வீடாகக் கெஞ்சி வாங்கி வந்து, ஒரு பருத்தி வியாபாரியின் பழைய வீட்டு மாடியில் மாட்டியிருக்கிறாள். கீழே ஈரம் ஏறும், கறையான் வரும். அதனால் எல்லாமே மாடியில். மாடிக்கு ஒரே மரப்படி. செங்குத்தாக இருக்கும், வழுவழுவென்று இருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

ராயகிரிக்காரர் இறங்கிய விதம்

படி ஏறி முடித்ததும் எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு அம்பாள் படம். ஒற்றைக்காலில் நிற்கிற தபசுக் கோலம். சுவருக்கும் படிக்கும் நடுவே நாலே அடிதான். ராயகிரியிலிருந்து காடுகரை வைத்திருக்கிற ஒரு சம்சாரி வந்தார். துண்டை இடுப்பில் கட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே பின்னால் நடந்தார். சந்நிதியில் யார் திரும்பி நடக்கிறார்கள்? ஓரடி, இரண்டடி. மூன்றாவது அடிக்குத் தரை இல்லை.

கீழே நாலாவது படியில் உட்கார்ந்து நான் பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன். அவர், நான், கடலை மூன்று பேரும் ஒன்றாக இறங்கினோம். நல்ல வேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "அண்ணாச்சி, திரும்பி நடந்து எறங்கப்படாதா?" என்று கேட்டேன். முழங்கையை ஊதிக்கொண்டே அவர் சொன்னது: "கீழ விழுந்தா எலும்புதாம்ல ஒடியும், கட்டுப் போட்டுக்கிடலாம். அம்பாளுக்கு முதுகக் காட்டச் சொல்லுதியே, அதுக்கு எங்கன போயிக் கட்டுப் போட?"

செயலாளர் கொண்டுவந்த பூட்டு

சித்திரக்கூடத்தின் செயலாளர் ரைஸ்மில் வைத்திருக்கிறார். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். காதோடு ரகசியம் சொன்னாலும் பஜார் வரைக்கும் கேட்கும். மறுநாள் ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டோடு வந்து நின்றார். "விழுந்ததுல இது ரெண்டாவது ஆளு. ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பொறுப்பேன். அன்னைக்கு நானே வந்து கீழ உக்காருவேன். ஒருத்தர் உருண்டாலும் மாடியப் பூட்டிருவேன். படத்தையெல்லாம் கட்டிக் கீழ் ரூம்புல போட்டிரணும்" என்றார்.

கீழ் ரூமில் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. வடிவக்காவின் ஏழெட்டு வருஷ அலைச்சல் அத்தனையும் கறையானுக்குப் பலகாரம். அவர் போனதும் அவரைப் போலவே இடுப்பில் கைவைத்து நான் கத்திக் காட்டினேன். எப்போதும் விழுந்து விழுந்து சிரிக்கிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஒந் தொண்டைக்குள்ள எத்தன பேரு குடியிருக்காங்க. அதுல, படியில விழாம ஆள எறக்கி விடுதவன் ஒருத்தனாவது இருக்கானால?" என்றாள்.

குறுக்கே ஒரு கயிறு

முதல் வைத்தியம் கயிறு. படியின் தலைப்பில் இடுப்பளவுக்குக் குறுக்கே கட்டினோம். பின்னால் நடந்து வருகிறவருக்குக் கயிறு முட்டும், நின்று திரும்புவார் என்பது கணக்கு. முதல் நாள் சரியாகத்தான் முட்டினார்கள். இரண்டாம் நாள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு தொங்கியது. மூன்றாம் நாள் ஏழு மஞ்சள் துண்டும், சேலைக் கிழிசலில் கட்டிய ஒரு சின்னத் தொட்டிலும். அம்பாள் முன்னால் எதைக் கட்டினாலும் அது வேண்டுதல் கட்டுகிற இடமாகிவிடும் என்று எங்களுக்குத் தோன்றாமல் போயிற்று.

இப்போது கயிற்றை அவிழ்த்தால் பாவம், அவிழ்க்காவிட்டால் ஆட்கள் குனிந்து நுழைய வேண்டும். பின்னால் நடந்தபடியே குனிகிறவர்களைப் பிடிக்க எனக்கு நாலு கை வேண்டும். முடிச்சில் நான் விரலை வைத்ததுமே ஓர் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பத்து வருஷமாம். அதட்டவில்லை, தணிவாகத்தான் சொன்னாள்: "தொட்டில மட்டும் அவுத்திராத தம்பி. பிள்ளையத் தூக்கிட்டு வந்து நானே அவுத்துக்கிடுதேன்."

கண்டக்டரும் அம்பாளும்

அடுத்த வைத்தியம் என் தொண்டை. கயிற்றுக்கு அடியில் யாராவது பின்னால் காலை வைத்தால், மாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கண்டக்டர் குரலில், "படியில நிக்காத, முன்னால பாத்து எறங்கு, ரைட்" என்பேன். விசிலும் அடிப்பேன். அத்தனை பேரும் சடக்கென்று திரும்பி ஒழுங்காக இறங்கினார்கள். ஒருவர் இறங்கும்போதே சட்டைப்பையில் டிக்கெட்டைத் தேடினார்.

மூன்று நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. கத்த முடியாதே என்று மெல்லிய குரலுக்கு மாறினேன். எங்கிருந்து வந்த புத்தியோ, ஒரு வாசுதேவநல்லூர் அம்மா பின்னால் நடக்கும்போது, "மகளே, திரும்பி நட" என்று அம்பாள் குரலில் சொல்லிவிட்டேன். அந்த அம்மா திரும்பவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். மரத்தளம் திம்திம்மென்று அதிர்ந்தது, கண்ணாடிப் படங்கள் ஆணியில் ஆடின. மூன்று பொம்பளைகள் பிடித்தும் நிற்கவில்லை. கடைசியில் வடிவக்காதான் திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் கொடுத்து மலையேற்றினாள். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து என் காதைப் பிடித்து வெளியே இழுத்தாள். "இனிமே ஆம்பளக் குரல் மட்டும் பேசினாப் போதும்."

காதர் பாயின் யோசனை

காதர் பாய் கடையநல்லூரில் தையல்காரர். சின்ன வயதிலேயே இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பியவர். பஸ்ஸில் வந்து, கம்பை ஊன்றிப் படி முன்னால் நின்றார். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். கீழேயே உட்காருங்கள், மேலே இருக்கிற படத்தையெல்லாம் குரல் மாற்றிச் சொல்கிறேன் என்றேன். "நா பாக்க வந்தவன் தம்பி, கேக்க வரல" என்றார். கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு படியாக ஏறினார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

மேலே போனதும் மூச்சு வாங்கப் படித்தலைப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் பின்னால் நடந்ததையும் நான் தாவித் தாவிப் பிடித்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொரு படமாகப் பார்த்து மூலைக்குப் போனார். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் படம். ஏதோ ஜமீன் வீட்டுக் கழிசலில் வடிவக்காவுக்குக் கிடைத்தது. கலெக்டரை விட்டுவிட்டு அவர் கோட்டைத்தான் பாய் பார்த்தார். "தச்சவன் கெட்டிக்காரன். தோள்பட்டையில ஒரு சுருக்கம் இல்ல பாருங்க" என்றார். போகும்போது வடிவக்காவைக் கூப்பிட்டார். "கயித்தக் குறுக்க கட்டாதீங்கம்மா, செவுத்தோரமா நெடுக்க கட்டுங்க, எங்கள மாதிரி ஆளு புடிச்சு ஏறலாம். அந்தம்மா படத்த உள் ரூம்புல மாட்டுங்க, எம்புட்டுப் பின்னால நடந்தாலும் செவுருதான் முட்டும். படிக்கு எதுக்க இந்தத் தொரய மாட்டிருங்க. இவருக்கு முதுகக் காட்ட யாரும் யோசிக்க மாட்டாங்க."

தபசன்று

அப்படியே செய்தோம், தொட்டிலும் மஞ்சள் துண்டுகளுமாகக் கயிறு சுவரோரம் போயிற்று. தபசன்று ஊரே நிரம்பி வழிந்தது. சொன்னபடி செயலாளர் வந்து படியடியில் நாற்காலி போட்டு, மடியில் பூட்டை வைத்துக்கொண்டார். வடிவக்கா மாடிக் கதவில் சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. உள் ரூமில் பின்னால் நடந்தவர்கள் சுவரில் முட்டினார்கள், சந்தோஷமாகத் திரும்பினார்கள். கலெக்டரை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்து முன்னால் பார்த்து இறங்கினார்கள். நூறு பேருக்கு மேலே எண்ணிவிட்டு எண்ணுவதை விட்டேன்.

சாயங்காலம் ஒரு பெரியவர் ஏறி வந்தார். தாலுகா ஆபீசில் டவாலியாக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் அதிகாரிகளின் அறைவாசலில் நின்ற ஆள். எதிரே கலெக்டர். பெரியவர் விறைத்தார். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. ஒரு கும்பிடு போட்டு, தலையைக் குனிந்தபடியே பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

அதிகாரிக்கு முதுகு காட்டுகிற பழக்கமே அவருக்கு இல்லை என்பது காதர் பாய்க்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஓரடி, இரண்டடி. நான் எட்டாத தூரத்தில் நின்றேன். வடிவக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கீழே செயலாளர் எழுந்துவிட்டார். எந்தக் குரல் என்று யோசிக்க நேரமில்லை. கலெக்டர் எப்படிப் பேசியிருப்பாரோ தெரியாது, அடிவயிற்றிலிருந்து எடுத்து, கரகரவென்று, "சரி, நீ போகலாம். திரும்பி, படியைப் பார்த்து இறங்கு" என்றேன்.

பெரியவரின் குதிகால் அந்தரத்தில் நின்றது. "உத்தரவு" என்றார். சடக்கென்று திரும்பினார். கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பார்த்து, கடைசிப் படி வரைக்கும் தளராமல் இறங்கினார். செயலாளர் தம் ரைஸ்மில் குரலில், "மேல யாரு வே பேசினது?" என்று கத்தினார். பெரியவர் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசும் வே. கலெக்டர் ஐயா மேலதான் இருக்காங்க."

செயலாளர் திறந்த வாயை மூடினார். படத்தை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் அண்ணாந்து பார்த்தார். பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, சத்தமில்லாமல் வெளியே போனார்.

ஆக, எங்கள் ஊரில் ஒருவரைப் பத்திரமாகப் படியிறக்க வேண்டுமென்றால், அவர் கண் எப்படி, கால் எப்படி என்று பார்ப்பதோடு, யாருக்கு முதுகு காட்ட மாட்டார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.